நம்ம ரோட்டைச் சிவப்பாக்கு, மாப்பிள்ளை

மோகனூர் பக்கம்,
தை மாதம், ஞாயிறு சாயங்காலம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் குளுகுளுவென்று உட்கார்ந்து ஊரிலுள்ள ரோடுகளுக்கெல்லாம் கலர் அடித்துக்கொண்டிருக்கும் அன்பு மாப்பிள்ளை அறிவழகனுக்கு, உன் தாய்மாமன் கண்ணுசாமி எழுதிக்கொள்வது. நீயும் உன் சம்சாரமும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் காந்தமலை முருகன் துணை இருப்பான். இங்கே உன் அத்தை ஜோதி சௌக்கியம். அளவுக்கு மீறிய சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று தம்பி கேட்டதாக உன் அம்மாவிடம் சொல். மரியாதைக்குக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்கிறாய். சிரித்து முடித்ததும் "மீட்டிங் இருக்குதுங்க மாமா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்தாலும் என் காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் இதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நம்ம ஊரிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் போகிற ரோடு உன் கம்பெனி மேப்பில் பச்சையாக இருக்கிறது. அதை உடனே சிவப்பாக்கு. நாளைக்குக் காலைப் பாலுக்கு உன் அத்தை அந்த ரோட்டில் சைக்கிளில் போகிறாள். அவளுக்கு ஒன்று ஆனால் நான் உன்னைச் சும்மா விடமாட்டேன், மாப்பிள்ளை என்றும் பார்க்கமாட்டேன்.

உனக்குப் பாதிதான் தெரியும், முழுதாகச் சொல்கிறேன் கேள். உன் அத்தைக்கு அடுத்த ஊர்ப் பால் சொசைட்டியில் பால் டெஸ்டர் வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆயுசு முழுக்க லாரி ஓட்டிவிட்டு இப்போது ஊட்டோடு உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு வேறென்ன வேலை? காலையும் சாயங்காலமும் மொபெட்டில் அவளைக் கொண்டுபோய் இறக்கி, வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். எந்தப் புருஷன் செய்வான்? இதில் அவள் என்ன குற்றம் கண்டுபிடித்தாள் தெரியுமா? நான் அங்கே உட்கார்ந்து பேசுகிறேனாம். "நீங்க நாக்பூர் கதையை எடுத்தீங்கன்னா, பால் ஊத்த வந்தவங்க கேனைக் கையில வெச்சுட்டு வாயைப் பொளந்துட்டு நின்னுக்கறாங்க. நீங்க நாக்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள இங்க பால் திரிஞ்சு போவுதுங்க" என்றாள். நாக்பூர் போகிற வழியில் பிரேக் பிடிக்காமல் போன கதையைக் கேட்க ஆள் நிற்கிறது என்றால் அது என் குற்றமா? மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மாட்டுக்கொட்டாயில் சும்மாதான் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, காற்றடித்து, இனிமேல் இதில் நானே போய்க்கொள்கிறேன் என்று வாசலில் நிறுத்திவிட்டாள். சின்ன வயசில் அவள் அப்பன் ஊட்டில் ஓட்டியிருக்கிறாளாம். சின்ன வயசில் நான்கூடத்தான் மரம் ஏறினேன்.

வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தோடு சொன்னேன். நீ ரோட்டை மேலேயிருந்து பார்க்கிறவன், நான் கேபினுக்குள்ளிருந்து பார்த்தவன். லோடு வண்டியில் உட்கார்ந்தால் பம்பருக்கு முன்னால் கொஞ்ச தூரம் டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. இடது பக்கம் ஒட்டி வருகிற சைக்கிள் சுத்தமாகத் தெரியாது. இந்த மாதத்தில் நம்ம ரோட்டில் போகிறது பூராவும் கரும்பு லோடு. டிராக்டரில் இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கொண்டு நிற்கும், பின்னால் என்ன வருகிறது என்று அவன் கழுத்தைத் திருகினாலும் பார்க்க முடியாது. இத்தனையும் எடுத்துச் சொன்னால் உன் அத்தை, "நீங்க ஓட்டினப்ப அப்படி இருந்திருக்குமுங்க. இப்பத்த பசங்க நல்லா ஓட்டறாங்க" என்கிறாள்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பொங்கலுக்கு வந்த நீ, கரும்பைக் கடித்தோமா போனோமா என்று இல்லாமல், "இதுக்கு எதுக்குங்க மாமா சண்டை, எங்க கம்பெனியில இதே வேலைதானுங்க" என்று உள்ளே புகுந்தாய். எந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டலாம், எதில் ஓட்டக்கூடாது என்று உங்கள் மேப்பு சொல்லும், நல்ல ரோடு பச்சை, சுமாரான ரோடு மஞ்சள், ஆகாத ரோடு சிவப்பு என்று விளக்கினாய். நம்ம ரோடு இன்னும் கலர் அடிக்காமல் வெறுமனே கிடக்கிறது, நானே ஒரு தரம் சைக்கிளில் போய் அளந்தால் போதும் என்று என் போனில் எதையோ ஏற்றியும் கொடுத்தாய். அந்த ரோட்டுக்குச் சிவப்பைத் தவிர வேறு கலர் வரும் என்று எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. அந்தத் தைரியத்தில்தான், "மேப்பு பச்சைன்னு சொன்னா நீ தாராளமா போ புள்ள, நான் குறுக்க நிக்கல" என்று உன் முன்னாலேயே வாயை விட்டேன். "சிவப்புன்னு வந்தா நானும் போகலீங்க" என்று சொல்லிவிட்டு உன் அத்தை அந்தப் பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நீ ஊருக்குப் போன மறுநாளே மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனை ஹேண்டில்பாரில் லாரிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அது கேட்ட கேள்வியெல்லாம் தமிழ்தான், ஆனால் நம்ம ஊர்த் தமிழ் இல்லை. "இப்பாதையில் மிதிக்கையில் தங்கள் மன அழுத்தம் எந்நிலையில் உள்ளது?" என்று கேட்டது. ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் இருந்தது, நாலை அழுத்தினேன். அதற்குமேல் இருந்தால் அதையும் அழுத்தியிருப்பேன். "இடையூறுகள் உளவா?" என்றது. நாய் என்று போட்டேன். ஒவ்வொரு தோட்டத்து நாயும் துரத்தியதால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நாய் என்று போட்டேன். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் அந்த ரோட்டை எவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன்.

ஆனால் நான் போன நாள் சரியில்லை சாமி. அன்றைக்கு ரோட்டில் கொள்ளு போட்டிருந்தார்கள். தை பிறந்தால் நம்ம ஊரில் தார்ரோடுதான் களம் என்பது உனக்கு மறந்திருக்காது. செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் நெடுகப் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டி ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். நான் ஒதுங்கி ஓரமாகத்தான் போனேன். முளைக்குச்சி கணக்காய் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துச் சௌந்திரம், "ஏனுங்கண்ணா, ஓரமா எதுக்குப் போறீங்க? நடுவுல ஏத்திப் போங்க, உங்க புண்ணியத்துல ரெண்டு காய் உடையட்டும்" என்றாள். ஒரு பொம்பளை வாய்விட்டுக் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏற்றிப் போனேன். "அப்படியே திரும்பி இன்னொருக்கா வாங்கண்ணா" என்றாள். போனேன். "அந்தக் கடைசியில உடையவே இல்லீங்கண்ணா" என்றாள். அங்கேயும் போனேன். சௌந்திரத்துக்கு மட்டும் ஓட்டிவிட்டு வந்தால் அடுத்த காட்டுக்காரன் என்ன நினைப்பான்? அவனுடைய கொள்ளிலும் நாலு நடை ஓட்டினேன். ஊட்டுக்கு வரும்போது தலையெல்லாம் தூசி, இடுப்பு கழன்றுபோனது. அளந்ததை அனுப்பிவிட்டுச் சிவப்புக்காகக் காத்திருந்தேன்.

பச்சை வந்தது. சாதாரணப் பச்சை இல்லை, பக்கத்தில் நட்சத்திரம் போட்ட பச்சை. போன் போட்டுக் கேட்டால் நீ வாசித்துக் காட்டுகிறாய், மேற்பரப்பில் அதிர்வே இல்லை என்று. ஏனப்பா, மெத்தை மேல் ஓட்டினால் எப்படியப்பா அதிரும்? வண்டிகள் எல்லாம் மெதுவாகப் போகிற ரோடு என்கிறாய். ரோடு பூராவும் கொள்ளுச்செடி கிடந்தால் பஸ்ஸே மாட்டுவண்டி மாதிரிதான் போகும். "சைக்கிள் நடமாட்டம் ரொம்ப அதிகமுங்க மாமா, மறுபடி மறுபடி இதே ரோட்டுலதான் போறாங்க, ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது" என்று வியந்துகொள்கிறாய். அத்தனை சைக்கிளும் நான்தானடா மாப்பிள்ளை! நாய் துரத்தியதை உன் மேப்பு "விலங்குகளுடன் இணக்கமான சூழல்" என்று எழுதியிருக்கிறது. என் மன அழுத்தத்தை மட்டும் தனிநபர் கருத்து என்று ஓரங்கட்டிவிட்டதாம். கொள்ளு விஷயத்தை உனக்கு விலாவாரியாகச் சொன்னேன். நீ, "டேட்டா பொய் சொல்லாதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய்.

சரி, இன்னொரு தரம் அளந்து பார்க்கிறேன் என்று உன் அத்தையிடம் தவணை வாங்கிக்கொண்டு, கொள்ளை வாரிய பிறகு ஒரு நாள் பார்த்து, ரோட்டோரம் நின்றபடி வண்டிகளைப் போன் கேமராவில் பிடித்தால் அது வேகத்தை அளக்கும் என்று நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். ஆள் ஏற்பாடு செய்துகொண்டுதான் போனேன். டிப்பர் ஓட்டுகிற சின்னண்ணனை உனக்குத் தெரியும். அவன் வண்டி வந்தால் ரோட்டில் கிடக்கும் நாய் எழுந்து வேலிக்குள் போய்விடும். "தம்பி, நீ எப்பவும் போல வா, அது போதும்" என்று சொல்லி வைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புளியமரத்தடியில் நின்று, போனை நீட்டிப் பிடித்தேன். வந்தான் பார் சின்னண்ணன், கல்யாண ஊர்வலத்துக்குக் கார் ஓட்டுகிற மாதிரி! "என்ன தம்பி இது?" என்று கத்தினேன். "கேமராவை நீட்டிட்டு நிக்கறீங்களேண்ணா, அபராதம் கிபராதம் வந்துருமோன்னு கால் தன்னால பிரேக்குக்குப் போயிருச்சுங்க" என்றான். அவன் மட்டுமா? என்னைக் கண்ட அத்தனை பேரும் அப்படித்தான். பஸ் டிரைவர் பெல்ட்டை எடுத்து மாட்டுகிறார், கரும்பு டிராக்டர்காரன் பாட்டை நிறுத்திவிட்டு ஓரம் கட்டுகிறான், ஹெல்மெட் போடாதவன் எல்லாம் தூரத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நம்ம ரோட்டில் நடந்த ஒழுக்கத்தை நான் எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை. சாயங்காலம் மேப்பைத் திறந்தால் பச்சை இன்னும் அடர்ந்துபோய் இருக்கிறது.

இதோடு விட்டதா? உன் பச்சையை நம்பிப் போன வாரம் சேலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லார் தலையிலும் குடுக்கை மாதிரி ஹெல்மெட், உடம்போடு ஒட்டின சட்டை, வாழைத்தண்டு மாதிரி டயர். அன்றைக்கென்று சௌந்திரம் கடைசிக் காட்டுக் கொள்ளைப் பரப்பியிருந்தாள். முன்னால் வந்தவன் கொள்ளு வழுக்கி நேராக அவள் குவியலுக்குள் விழுந்தான். ஆகா, இனி இவனே எழுதுவான், மேப்பு சிவப்பாகிவிடும் என்று நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அவன் தூசியைத் தட்டிக்கொண்டு, "செம ரோடு அங்கிள்" என்கிறான். உன் அத்தை எல்லாரையும் வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மோரைக் குடித்துவிட்டு அவர்கள் உன் மேப்பில் என்ன எழுதினார்கள் என்று நீயே பார்த்துக்கொள். அழகான ஊர், அன்பான மக்கள், மோர் பிரமாதம், தவறவிடக் கூடாத பாதை!

அந்தக் கூட்டத்தில் வினோலியா என்று ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். உன் அத்தை வயசுதான் இருக்கும். இரண்டு பேரும் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது சைக்கிளின் சீட்டு இறங்கியிருந்தது, பிரேக் இறுகியிருந்தது, உன் அத்தை தலையில் அந்த அம்மாவின் ஹெல்மெட் இருந்தது. "அக்கா நல்லா பேலன்ஸ் பண்றாங்க சார். இப்படி ஒரு ரோட்டை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்காங்களே!" என்று என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் கடைசியாக ஒரு தரம் அவளிடம் பேசிப் பார்த்தேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கொள்ளு, டிராக்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "எனக்குப் பயமா இருக்குது புள்ள. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அடுப்பிலிருந்து சோற்றை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாளா நீங்க கல்கத்தா, கௌஹாத்தின்னு லோடு ஏத்திட்டுப் போனீங்களே, நான் எந்த மேப்பைப் பாத்துப்போட்டு உங்களை அனுப்பிச்சேனுங்க? வாரக்கணக்கா ஒரு தகவலும் இருக்காது. போன் ஏதாச்சும் வந்துச்சான்னு கேக்க டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு நடந்தே போவேன், வரலீன்னா நடந்தே திரும்பி வருவேன். என்னிக்காச்சும் போகாதீங்கன்னு சொல்லியிருக்கனா?"

அவள் இப்படி நடந்ததை இதுவரைக்கும் சொன்னதே இல்லை. நானும் எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "லாரி வேற, சைக்கிள் வேற" என்றேன். "ஆமாங்க, சைக்கிள் சின்னது" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, இனி நான் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. மேப்பு சிவப்பானால் மட்டும்தான் அவள் நிற்பாள். அவள் சொன்ன சொல் மாறமாட்டாள், அதுதான் எனக்கு இப்போது ஒரே பிடிப்பு. பாலம் உடைந்துவிட்டது என்று போடு. ரோடே இல்லை, காவிரி கொண்டுபோய்விட்டது என்று வேண்டுமானாலும் போடு. டேட்டா பொய் சொல்லாது என்றால் நீ சொல், தாய்மாமனுக்காக ஒரே ஒரு பொய். உன் காது குத்துக்கு உன்னை மடியில் வைத்துக்கொண்டவன் கேட்கிறேன். என் சௌக்கியத்தைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, எழுதும்படி ஒன்றும் இல்லை. சோறு இறங்கவில்லை.

உனக்கு மேன்மேலும் சம்பளமும் புத்தியும் உயரட்டும், முக்கியமாகப் பின்னது. உன் சம்சாரத்துக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்கு ஒரு முத்தம், உன் மேனேஜருக்கு என் வருத்தம்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் தாய்மாமன்,
கண்ணுசாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியது நேற்று. சிக்னல் கிடைக்காமல் அனுப்ப முடியவில்லை. இப்போது திங்கட்கிழமை காலை. டீச்சரம்மா கொடுத்துவிட்டுப் போன ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வளைவில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "நீங்க வாரீங்களான்னு பாத்துட்டே ஓட்டினா நான் உழுந்துருவனுங்க. ஊட்டுக்குப் போங்க" என்றாள். வந்துவிட்டேன். நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவள் போன பக்கமாகவே ஒரு கரும்பு லாரி போனது. உள்ளே வந்து உன் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சைக் கோடு அப்படியே கிடந்தது. அந்தப் பச்சை நிஜமாக இருக்க வேண்டும், நான் எழுதினதெல்லாம் பொய்யாகப் போக வேண்டும், என் மாப்பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள் எப்படித்தான் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாளோ தெரியவில்லை. சற்று முன்னால் போன் வந்தது. "வந்து சேந்துட்டனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஆகவே கலரை மாற்றாதே. பச்சையாகவே இருக்கட்டும், இதைவிட அழுத்தமான பச்சை கைவசம் இருந்தால் அதை அடி. மனசு லேசாகி ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று எழுந்தேன். அவள் அதே ரோட்டில் திரும்பியும் வர வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.